சீசனில் பூட்டிய குழாய்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். அதிலும் பாதி நாள் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வீட்டில் நிறுத்திவிடுவார்கள். ஒன்றைச் சொல்லிக்கொண்டு போகும்போதே இன்னொன்று மறந்துபோகிறது. வாயால் சொல்லலாமே என்று கேட்பீர்கள். அது இதைவிடக் கஷ்டம். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் கோணலாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். கல்யாணம் முடித்து நுவரெலியா டவுனுக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு மார்க்கெட்டில் மரக்கறி மூட்டை தூக்குகிற வேலை. டவுனுக்கு வாழப் போகிறாள், இனி கூடை தூக்க வேண்டியதில்லை என்று தோட்டத்தில் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது. வந்து சேர்ந்த முதல் வாரமே அது போய்விட்டது.

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் பாறையிலிருந்து ஒரு பீலி நீட்டிக்கொண்டிருக்கும். ராவும் பகலும் அதில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். யாரும் யாரையும் கேட்டதில்லை. தண்ணீரைத் திறப்பது, மூடுவது என்று ஒன்று இருப்பதே எனக்குக் கல்யாணம் முடிந்துதான் தெரியும்.

டவுனில் நாங்கள் இருந்த இடம் ஒரு பெரிய லொட்ஜுக்குப் பின்னால், பள்ளத்தில். வெள்ளைக்காரர் காலத்தில் குதிரை கட்டிய கொட்டிலாம் அது. நடுவில் சுவர் வைத்து, மேலே தகரம் போட்டு, வரிசையாகக் காம்பரா ஆக்கி வாடகைக்கு விட்டிருந்தார் லொட்ஜ் முதலாளி. தரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும், குதிரை மூத்திரம் ஓடிப்போவதற்கு. சுவரில் குதிரையைக் கட்டுகிற இரும்பு வளையங்கள் அப்படியே இருந்தன. என் மூத்த மகளுக்கு அந்த வளையத்தில்தான் தொட்டில் கட்டினேன்.

குதிரைக் கொட்டிலாக இருந்தாலும் வாடகை டவுன் வாடகைதான். தோட்டத்தில் விறகு பொறுக்கினோம், கீரை பறித்தோம். இங்கே கறிவேப்பிலைக்கும் காசு. அந்தக் குளிருக்கு விறகு இல்லாமல் முடியாது, விறகுக்கும் காசு. சித்திரை மாதம் வந்தால் எல்லா விலையும் இன்னும் மேலே ஏறிவிடும். கொழும்பிலிருந்து கார் கார்களாகப் பெரிய மனிதர்கள் வருவார்கள். குதிரைப் பந்தயம், பூக்காட்சி, ஏரியில் படகு. அதற்கு சீசன் என்று பேர். தேங்காய் ஏன் இந்த விலை என்று கேட்டால் கடைக்காரர், "சீசன்தானே" என்பார். அதற்கு மேல் வாய் திறக்க முடியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது குழாயைப் பற்றி.

காம்பரா வரிசைக் கடைசியில் ஒரே ஒரு குழாய். லொட்ஜின் தண்ணீர்த் தாங்கியிலிருந்து அதற்கு ஒரு பைப் இறங்கி வந்தது. சீசன் தொடங்கியதும் மேலே நிறைய ஆட்கள் குளிப்பார்கள் என்று அந்தப் பைப்பை முதலாளி மூடிவிடுவார். மூடுகிற இடத்தில் ஒரு மரப்பெட்டி வைத்துப் பூட்டும் போட்டிருப்பார். மழை இறங்கி ஆட்கள் போன பிறகுதான் திறப்பார். அதுவரைக்கும் நாங்கள் கீழே ஓடைக்குப் போக வேண்டும். லொட்ஜ் குளியலறைத் தண்ணீரும், துணி வெளுத்த தண்ணீரும், மேட்டில் இருக்கும் மரக்கறித் தோட்டத்து எருவும் வந்து விழுகிற ஓடை. மகள் பிறப்பதற்கு முந்தின சீசனில் கடைசிக் காம்பராவில் ஒரு பிள்ளை வயிற்றாலே போய்ப் போய் இறந்துவிட்டது. நான் அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. அந்தத் தாய் தொட்டிலைக் கழற்றாமலே வைத்திருந்தார்.

அடுத்த சீசனில் என் மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். குழாயை மூடிக் கொஞ்ச நாளிலேயே அவளுக்கும் வயிற்றாலே போகத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடு என்று நர்ஸ் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். சீசன் விலையில் விறகு வாங்கி, சோறும் ஆக்கி, குடிக்கிற தண்ணீரையும் கொதிக்கவைப்பது எப்படி என்று அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை நான்.

கேட்கிற ஆள் மூன்றாம் காம்பரா அக்கா. பட்டிப்பொல ஸ்டேஷன் பக்கத்தில் வளர்ந்தவர், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. அவர் வீட்டுக்காரர் வண்டி தள்ளுகிறவர், பேசவே மாட்டார். அவருக்கும் சேர்த்து அக்கா பேசுவார். என் மகள் தொட்டிலில் துவண்டு கிடந்ததை அக்கா வந்து பார்த்தார். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"உன் வீட்டுக்காரன் முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டானாடி?"

"சீசன்ல ராவுக்கு அங்கதான் பாத்திரம் கழுவப் போறாருக்கா. கேட்டா வேலை போயிடும்ங்கிறாரு."

"எல்லா ஆம்பளையும் இதத்தான் சொல்றானுங்க. சரி, வேலை இல்லாத நாம கேப்போம்."

முதலில் எங்கள் பக்கத்து நகரசபை மெம்பர் வீட்டுக்குப் போனோம். அவர் மோசமான மனிதர் இல்லை. வாசலில் நிற்கவைக்காமல் உள்ளே கூப்பிட்டார். அக்கா சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, உங்கள் ஆட்கள் யார் பேராவது ஓட்டு லிஸ்டில் இருக்கிறதா என்று கேட்டார். அக்கா இல்லை என்றார். எங்கள் தோட்டத்துச் சனத்துக்கு இருந்த ஓட்டை அரசாங்கம் எடுத்துவிட்டு அப்போது பல வருஷம். பாவம், தனியார் இடம், நான் சொல்லிப் பார்க்கிறேன் என்று மெம்பர் எழுந்துவிட்டார். திரும்பி வரும்போது அக்கா ரோட்டிலேயே நின்று சொன்னார்:

"பாத்தியா புள்ள, ஓட்டு இல்லாதவ புள்ளைக்கு வயித்தால போனாக்கூட அது கணக்குல சேராது."

கூட வந்தவர்கள் சிரித்தோம். 

அன்றைக்கே குழாயடியில், தண்ணீர் வராத குழாயடியில், முடிவு செய்தோம். நாளைக்குக் காலையில் முதலாளி வாசலில் போய் நிற்பது. அக்கா பேசுவார். மற்றவர்கள் கூட நின்றால் போதும்.

எப்படி நிற்பது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாங்கள் எல்லோரும் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்தில் விடியக்காலையில் பெரட்டு நடக்கும். வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் களத்தில் வரிசையாக நிற்பார்கள்; துரையோ அவருக்குக் கீழே இருக்கிற கண்டாக்கோ வந்து இன்ன ஆள் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். ஒரு குறையைச் சொல்ல வேண்டுமென்றாலும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். அவர்களாக என்ன என்று கேட்கும் வரைக்கும் வாய் திறக்கக்கூடாது. எங்கள் அம்மா அப்படித்தான் நின்றார், நாங்களும் அப்படித்தான் நின்று பழகினோம். ஆகவே மறுநாள் விடிந்ததும் லொட்ஜின் முன்வாசலில் ஏழெட்டுப் பேர் இரண்டு வரிசையாக நின்றோம். கம்பளியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு. மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

முதலாளி வெளியே வரவில்லை. லொட்ஜ் கிளாக்கர்தான் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துபோனது.

"என்ன பிள்ளையள், வேலைக்கே வந்தனீங்கள்? நல்லதாப் போச்சு. நாளைக்குப் பூத்தோட்டம் பாக்க ஆக்கள் வருகினம். கைக்கு ஆளில்லாம அந்தரப்பட்டுக்கொண்டு நிக்கிறன்."

அக்கா வாயைத் திறந்தார். அதற்குள் அவர் கையை நீட்டிப் பிரிக்கத் தொடங்கிவிட்டார். "நீங்கள் ரெண்டு பேரும் ரோசாப் பக்கம். நீங்கள் அந்தக் கரை. மற்றாக்கள் புல்லு வெட்டுங்கோ."

இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் கால் தன்னாலே போய்விட்டது. வரிசையில் நிற்கிறோம், எதிரில் ஒருவர் கையை நீட்டி இந்தப் பக்கம் போ என்கிறார். போகாமல் நிற்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. முதல் வரிசையில் ஒருத்தி நகர்ந்தாள், அவள் பின்னால் நான். திரும்பிப் பார்க்கிறேன், அக்காவே புல்லு வெட்டுகிற கத்தியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டு நிற்கிறார்.

வெயில் உச்சிக்கு வரும் வரைக்கும் வேலை செய்தோம். எனக்குப் பூவாளி கிடைத்தது. பூத்தோட்டத்தில் ஒரு குழாய். திறந்தால் கை மொத்தத்துக்குத் தண்ணீர் விழும், பல் கூசுகிற குளிர்ச்சி. அதைப் பிடித்துப் பிடித்துப் பேர் தெரியாத பூவுக்கெல்லாம் ஊற்றினேன். பால் கட்டி மார்பு கல்லாகக் கிடந்தது. பக்கத்தில் ரோசாவுக்கு ஊற்றிக்கொண்டிருந்த ஐந்தாம் காம்பரா மதினி மெதுவாகச் சொன்னாள்:

"தண்ணி கேக்க வந்தோம், தண்ணி ஊத்திக்கிட்டு நிக்கிறோம். நம்மள மாதிரி கழுதைங்க உண்டா மதினி?"

"அந்தக் கொட்டில்ல குதிரைங்கதான இருந்துச்சாம்" என்றேன். நான் ஒரு பகிடி சொன்னது எனக்கே ஆச்சரியம். அவள் சிரித்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மத்தியானம் கிளாக்கர் கூலி கொடுக்க வந்தார். அக்கா அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தார்.

"காசு வேணாங்கய்யா."

"ஏன், கூலி காணாதே?"

"தண்ணி வேணும்."

அவர் உள்ளே திரும்பி, இவர்களுக்கு ஒரு வாளி தண்ணீரும் கோப்பையும் கொண்டுவா என்று சத்தம் போட்டார். உண்மையாகவே வாளி வந்துவிட்டது. அக்கா அதைத் தொடாமல், மூடியிருக்கும் குழாயையும், ஓடையையும், என் மகளையும், போன வருஷம் போன பிள்ளையையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். கிளாக்கர் மப்ளரை அவிழ்த்து மறுபடியும் சுற்றிக்கொண்டார்.

"எனக்கு விளங்குது. ஆனா உதுக்கு நான் என்ன செய்யிறது? பூட்டுத் திறப்பு முதலாளியின்ரை இடுப்பில கிடக்கு. அவரிட்டைத்தான் கதைக்கவேணும்."

வீட்டுக்கு வந்தால் மகள் அழக்கூடச் சத்தமில்லாமல் கிடந்தாள். வாய் காய்ந்திருந்தது. வைத்திருந்த விறகை எல்லாம் எரித்துத் தண்ணீர் கொதிக்கவைத்தேன். பின்னேரம் அக்கா ஒவ்வொரு காம்பராவாக வந்தார்.

"நாளைக்கும் அதே மாதிரி நிப்போம். ஆனா அந்தாளு போன்னு சொன்னா போகக்கூடாது. கால அப்படியே நட்டு வச்சிக்கிறணும். யாருக்காவது கால் தன்னால போச்சுன்னா, பின்னாடி நிக்கிறவ அவ சேலையைப் புடிச்சி இழுக்கணும்."

மறுநாள் மகளை மார்பில் சேர்த்துக் கம்பளிக்குள் கட்டிக்கொண்டு போனேன். எல்லோரும் குடத்தையும் கொண்டுவந்தார்கள். நேற்று மாதிரியே இரண்டு வரிசை. லொட்ஜின் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் துரைமார் மாதிரி உடுத்தியவர்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். சித்திரை வெயில் அந்த ஊரில் காலையிலேயே சுள்ளென்று அடிக்கும். புதிதாக நட்ட நாற்றெல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

கிளாக்கர் வந்தார். "வாங்கோ வாங்கோ, கெதியா. நேற்றையான் இடத்துக்கே போங்கோ" என்று கையை நீட்டினார்.

யாரும் அசையவில்லை. என் கால் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. மலை ஏறும்போதுகூட அப்படி நடுங்கியதில்லை. எனக்குப் பின்னால் நின்றவள் என் சேலைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்; அவளும் விழுந்துவிடாமல் இருக்கத்தான் பிடித்தாளோ என்னவோ. கிளாக்கர் திரும்பவும் சொன்னார். பிறகு கெஞ்சினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பாதித் தண்ணீர் அவர் காலிலேயே கொட்டியது. சன்னலில் யாரோ சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் முதலாளி வந்தார். நீளக் கோட்டு போட்டிருந்தார். சத்தமாகப் பேசவில்லை; பின்னால் சன்னல் இருந்தது.

"இது என்ன, சத்தியாக்கிரகமா?"

"இல்லைங்கய்யா, பெரட்டு" என்றார் அக்கா. "வேலை சொல்லுங்க, போறோம். அதுக்கு முன்னாடி எங்க குழாயத் திறந்துவிடச் சொல்லுங்க."

"யார் உங்களைக் கூட்டிட்டு வந்தது? ஒரு ஆள் பேசு."

அக்கா வரிசையை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார். அப்படி வர வேண்டாம் என்று கத்தத் தோன்றியது எனக்கு. சத்தம் வரவில்லை.

"எந்தக் காம்பரா நீ?"

"மூணாவதுங்க."

அவர் அக்காவை நன்றாகப் பார்த்தார். பிறகு என் கம்பளியைப் பார்த்தார். மகளின் தலை வெளியே தெரிந்தது. ஏன் செய்தேன் என்று தெரியாது, நானும் ஓர் அடி முன்னால் வந்து கம்பளியை விலக்கிக் காட்டினேன். பேசவில்லை, காட்டினேன். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். வாசல் பக்கம் ஒரு கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து, ஈரமாக நின்ற கிளாக்கரிடம் போட்டார்.

"காலையில கொஞ்ச நேரம், பின்னேரம் கொஞ்ச நேரம். இப்ப எல்லாம் கலைஞ்சு வேலைக்குப் போங்க."

போனோம். பூவுக்குத் தண்ணீர் ஊற்றினோம். அது தப்பா சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மத்தியானம் கொட்டிலுக்கு வந்தபோது கிளாக்கர் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்; குழாய் முதலில் இருமியது, பிறகு துருவாகத் துப்பியது, பிறகு தெளிந்து விழுந்தது. அக்கா முதல் குடத்தை எனக்குத்தான் பிடித்துக் கொடுத்தார். மகள் பிழைத்தாள். அந்தச் சீசனில் எங்கள் வரிசையில் பிள்ளை எதுவும் சாகவில்லை.

சீசன் முடிந்து மழை இறங்கியது. மூன்றாம் காம்பராவைத் திருத்த வேண்டும், மாதக் கடைசிக்குள் விடச் சொல் என்று முதலாளி சொல்லியனுப்பினார். மற்றக் காம்பராவில் ஒழுகாத கூரை ஒன்று இல்லை. மூன்றாவது மட்டும்தான் ஒழுகாது. அந்த டவுனில் அதே வாடகைக்கு வேறு இடம் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அக்கா எங்களைக் கூப்பிடவில்லை. நாங்களாகத்தான் போனோம். அதே வாசல், அதே இரண்டு வரிசை. மழையில் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றோம். கால் அன்றைக்கு நடுங்கவே இல்லை. ஆனால் சன்னலுக்கெல்லாம் திரை இழுத்திருந்தது. பூப் பாத்தியில் செடியைப் பிடுங்கி, வெறும் மண்ணாகப் போட்டிருந்தார்கள். நெடுநேரம் கழித்துக் கிளாக்கர் குடையோடு வந்தார்.

"முதலாளி கொழும்புக்குப் போயிட்டார் பிள்ளையள். இஞ்ச ஒருத்தரும் இல்லை. ஆருக்குக் காட்ட நிக்கிறியள்?"

அப்போதும் நின்றோம். கடைசியில் அக்காவே வந்து என் தோளைத் தட்டினார்.

"பூ இருந்தப்ப நின்னோம், கேட்டாங்க. இப்ப மண்ணுதான இருக்கு. வாங்கடி, புள்ளைங்களுக்குச் சளி புடிக்கும்."

ஒரு தகரப் பெட்டி, ஒரு குடம், வீட்டுக்காரருடைய தள்ளுவண்டி. அவ்வளவுதான் அவர்கள் சாமான். போகும்போது குழாயடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று போனேன். "இந்த இடத்துல ஒரு தட்டைக் கல்லு போடு புள்ள. குடம் வச்சா ஆடுது" என்றார். கல் போட்டேன். அடுத்த சீசனிலும், அதற்கடுத்த சீசனிலும் குழாய் காலையும் பின்னேரமும் திறந்தது. குடம் ஆடவில்லை. ஒவ்வொரு தடவையும் குனிந்து குடத்தை வைக்கும்போது மூன்றாம் காம்பரா வாசலைத் திரும்பிப் பார்ப்பேன்.

இதில் பிழை இருக்கும். குழாய் திறந்தது வருஷப்பிறப்புக்கு முன்னாலா பின்னாலா என்று நிச்சயமில்லை. எங்கள் சனத்தை இந்தியாவுக்கு அனுப்புகிற பேச்சு வந்ததற்கு முந்தியா பிந்தியா என்பதும் குழம்புகிறது. அக்கா பொகவந்தலாவைப் பக்கம் போனதாக மதினி சொன்னாள்; இந்தியாவுக்குக் கப்பல் ஏறியதாக வேறு யாரோ சொன்னார்கள். அந்தக் கொட்டிலில் இருந்தவர்களோ அவர்கள் பிள்ளைகளோ இதைப் படித்தால் தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். மற்றப் பிழைகள் கிடந்தாலும் பரவாயில்லை. மூன்றாம் காம்பரா அக்கா போன ஊரை மட்டும் யாராவது சரியாகச் சொல்ல வேண்டும், அங்கே அவர்களுக்குத் தண்ணீர் பக்கத்தில் இருந்ததா என்பதையும்.